மான் வேட்டைக்கு ஸ்கோப் பொருத்திய கைத்துப்பாக்கி: எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்து குளிர் தட்டத் தொடங்கினால் மான் வேட்டைப் பேச்சும் தொடங்கிவிடும். அங்கு குடியேறிய நம் சமுதாயக் குடும்பங்களில் வளரும் இளைஞர்கள், பள்ளித் தோழர்களோடும் வேலை இடத்து நண்பர்களோடும் காட்டுக்குப் போக ஆசைப்படுவது புதிதல்ல. ஹலால் இறைச்சிக் கடை இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர்களில், சொந்தமாக வேட்டையாடிய ஒரு வெள்ளைவால் மான் ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கறிக்குப் போதுமானது. பெரும்பாலானோர் ரைஃபிள் எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் ஸ்கோப் எனப்படும் குறிநோக்கி பொருத்திய கைத்துப்பாக்கியோடு செல்வோரும் அங்கு கணிசமாக உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அதில் விழுந்த மானை நாம் உண்ணலாமா என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இங்கே சொல்லப்படுவது முழுக்க அமெரிக்க நிலவரம்.

முதலில் சட்டம்

கடைக்குப் போய் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்பே சட்டம் பாதித் தேர்வை முடித்துவிடும். ஒஹாயோ மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கு மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கியின் குழல் 5 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. தோட்டா .357 அல்லது அதற்கு மேற்பட்ட விட்டம் கொண்டதாக, கூடு நேர்ச்சுவராக இருக்க வேண்டும். அதாவது ரைஃபிள் தோட்டாக்களில் காண்பது போல கழுத்துப் பக்கம் குறுகிய கூடு அங்கே கூடாது. இன்னொரு மாநிலத்தில் இந்த விதி அப்படியே மாறும். ஒவ்வொரு மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் ஆண்டுதோறும் வேட்டை விதிகளை வெளியிடுகிறது. அந்த ஆண்டின் விதிகளை வாசிக்காமல் பணம் செலவழிப்பது வீண்.

குடியுரிமை விஷயம் இதைவிட முக்கியம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியான மறுநாள் அந்தத் துப்பாக்கி அலமாரியில் இருந்தாலே குற்றமாகிவிடும் வாய்ப்பு உண்டு. "நண்பன் துப்பாக்கிதானே, ஒரு நாள் சுட்டுப் பார்க்கிறேன்" என்று தொடங்கி விசாவை இழக்கும் நிலை வரலாம். எனவே இந்த நிலையில் உள்ள சகோதரர்கள் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே துப்பாக்கியைத் தொட வேண்டும். ரைஃபிளை வேறு மாநிலக் கடையிலும் வாங்க வழியுண்டு. கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் பெற முடியும். உரிமம் பெற்ற வணிகர் அதை விற்க, வாங்குபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம்.

துப்பாக்கி வகைகள்

மான் வேட்டையில் புழங்கும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சுழலும் உருளையில் ஐந்தோ ஆறோ தோட்டா கொள்ளும் பெரிய ரிவால்வர். மற்றொன்று, ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. 10 மி.மீ. ஆட்டோ போன்ற தானியங்கி பிஸ்டல்களும் சில கைகளில் உண்டு. எனினும் ஸ்கோப் வைத்து மானைக் குறிபார்ப்பதற்கு முதல் இரண்டுமே ஏற்றவை.

ரிவால்வரில் ரூகர் நிறுவனத்தின் சூப்பர் ரெட்ஹாக் இந்த வேலைக்கென்றே செய்தது போன்றது. 1987இல் வந்தது. ஸ்கோப் வளையங்களைப் பொருத்தும் பள்ளங்கள் அதன் உடற்சட்டத்திலேயே கடையப்பட்டிருக்கும். தனியாகத் துளையிட்டுத் தாங்கி திருக வேண்டியதில்லை. ஏழரை அங்குலம், ஒன்பதரை அங்குலம் என்ற நீண்ட குழல்களில் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் சூப்பர் பிளாக்ஹாக் ஹன்டர் என்ற மாதிரியில் குழலின் மேல் விளிம்பில் இந்தப் பள்ளங்கள் இருக்கும். விலையைப் பொருட்படுத்தாதவர்கள் வையோமிங் மாநிலத்தின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் தயாரிப்பைத் தேடுவார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 'எக்ஸ்' வகைப் பெருஞ்சட்ட ரிவால்வர்கள் வலிமையில் எல்லாவற்றுக்கும் மேல். எடையிலும் அப்படித்தான்.

ஒற்றைத் தோட்டா வகையில் 1967இல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் பெயர் பெற்றது. நடுவில் மடித்துத் திறந்து தோட்டா போடுவது. இதன் சிறப்பு, ஒரே பிடிக்குக் குழலை மட்டும் மாற்றி வேறு வேறு தோட்டாக்களைச் சுடலாம். .30-30 வின்செஸ்டர், .35 ரெமிங்டன், 7-30 வாட்டர்ஸ் என ரைஃபிள் தோட்டாக்களையும் இது ஏற்கும். நூறு கெஜத்துக்கு அப்பாலும் துல்லியம் வேண்டுமென்றால் ரிவால்வரைவிட இதுவே மேல். ஆனால் மேலே சொன்ன ஒஹாயோ போன்ற மாநிலத்தில் இம்மூன்றுமே கழுத்துக் குறுகிய தோட்டாக்கள் என்பதால் செல்லாது. இரண்டாவது தோட்டா உடனே கிடைக்காது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். ஒரே குண்டுதான் என்று தெரிந்தவன் அவசரப்பட்டுச் சுடமாட்டான் என்பதால் நான் அதைக் குறையாக எண்ணவில்லை.

தோட்டா

1935இல் வந்த .357 மேக்னம் மான் வேட்டைக்குக் கீழ் எல்லை. 158 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,235 அடி வேகத்தில் புறப்படும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 535 அடி-பவுண்டு. ஐம்பது கெஜத்துக்குள், மான் பக்கவாட்டில் நிற்கும்போது, நிதானமான கைக்கு இது போதும். அதற்கு மேல் எனக்கு இதில் நம்பிக்கையில்லை. 125 கிரெய்ன் குண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவை தற்காப்புக்காகச் செய்யப்பட்டவை. பட்டவுடன் விரிந்து, மானின் தோள் எலும்பிலேயே நின்றுவிடலாம்.

1955இல் வந்த .44 மேக்னம்தான் இந்த வேட்டையின் நடுநாயகம். எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தியதன் விளைவு அது. 240 கிரெய்ன் குண்டு 1,350 அடி வேகத்தில் சென்றால் துப்பாக்கி வாயில் 970 அடி-பவுண்டு ஆற்றல் இருக்கும். நூறு கெஜத்தில் அது 600 அளவுக்குக் குறைந்துவிடும். ஐம்பது கெஜத்துக்குக் குறி சரி செய்த ஸ்கோப்பில், நூறு கெஜத்தில் குண்டு நான்கு அங்குலம் அளவுக்குத் தாழ்ந்து விழும். நூற்றைம்பதில் ஒரு அடிக்கும் மேலாகத் தாழும். இந்தக் கணக்கே எல்லையைச் சொல்லிவிடுகிறது: நூறு கெஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1964இல் வந்த .41 மேக்னமும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும், தோட்டா கிடைப்பதுதான் சிரமம்.

.454 கசூல், 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 2005இல் வந்த .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகியவை அடுத்த படி. இவற்றில் .460, 200 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 2,200 அடிக்கு மேல் தள்ளுகிறது. குண்டின் பாதை தட்டையாக இருப்பதால் தொலைவுக்கு ஏற்றது. ஆனால் பின்னுதைப்பும் ஓசையும் கடுமை. முதல் துப்பாக்கியாக இதை வாங்கியவர், நாலு குண்டு சுடுவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவார். அந்தப் பழக்கம் போக ஆண்டுகள் ஆகும். வெள்ளைவால் மானுக்கு இத்தனை வலிமை தேவையுமில்லை.

பழகுவதற்கு ஒரு வழி உண்டு. .357 துப்பாக்கியில் .38 ஸ்பெஷல், .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல், .454இல் .45 கோல்ட் தோட்டாக்களைச் சுடலாம். உதைப்பு குறைவு, செலவும் குறைவு. ஆண்டு முழுக்க அவற்றில் பழகிவிட்டு, வேட்டைக்கு முன்பு மட்டும் வலுவான தோட்டாவுக்கு மாறி ஸ்கோப்பைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் மறுபடி சுட்டுச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். இரண்டு தோட்டாவும் ஒரே இடத்தில் படாது.

குண்டின் வகையும் கவனிக்க வேண்டியது. செம்பு உறையிட்ட, முனை விரியும் 240 கிரெய்ன் குண்டு .44இல் மானுக்கு நன்கு பயன்படும். கெட்டியாக வார்த்த தட்டை முனை ஈயக் குண்டு விரியாது, ஆனால் ஆழமாகத் துளைத்து மறுபக்கம் வெளியேறும். ஈயத்தைப் பற்றிப் பிள்ளைகள் உள்ள வீடுகள் அறிய வேண்டிய செய்தி ஒன்று. 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்தபோது ஈயத் துகள்கள் தென்பட்டன. உணவு வங்கிகள் அந்த இறைச்சியை வினியோகிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. கைத்துப்பாக்கிக் குண்டின் வேகம் குறைவு என்பதால் ரைஃபிள் குண்டு அளவுக்கு அது சிதறாது. என்றாலும் முழுச் செம்புக் குண்டுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உண்ணப்போகும் இறைச்சி என்றால், கூடுதல் விலை கொடுத்துச் செம்புக் குண்டு வாங்குவதே நல்லது.

ஸ்கோப்

ரைஃபிள் ஸ்கோப்பைக் கைத்துப்பாக்கியில் பொருத்த முடியாது. ரைஃபிள் ஸ்கோப்பில் கண் மூன்று நான்கு அங்குலத்தில் இருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை நாம் கை நீட்டிப் பிடிக்கிறோம். ஒன்று முதல் இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாலும் முழுப் படம் தெரியும்படி செய்யப்பட்ட கைத்துப்பாக்கி ஸ்கோப் தனியாக விற்கிறது. லியூபோல்ட், பர்ரிஸ் நிறுவனங்கள் நீண்ட காலமாக இதைச் செய்கின்றன.

எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வைப் பரப்பு குறுகும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். புதரோரம் தலையை நீட்டும் மானை ஏழு மடங்கில் தேடினால் மரப்பட்டைதான் தெரியும். .44 ரிவால்வருக்கு நிலையான 2 மடங்கு ஸ்கோப் போதும். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் தொலைவு சுடுபவர்கள் 2 முதல் 7 மடங்கு வரை மாற்றக்கூடியதை வாங்கி, காட்டில் நடக்கும்போது 2இலேயே வைத்திருக்கட்டும். கண் எங்கிருந்து பார்த்தாலும் புள்ளி தெரியும் சிவப்புப் புள்ளிக் கருவியும் நல்ல மாற்று. அந்தி நேரத்தில் அதன் ஒளியைக் குறைத்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களில் சிக்கனம் வேண்டாம். கனமான உதைப்பில் ஸ்கோப் முன்னோக்கி வழுகும், திருகு முறியும். .454க்கும் அதற்கு மேலும் மூன்று வளையம் போடுவது வழக்கம். வாங்கிய பின் இருபது குண்டு சுட்டுவிட்டு, திருகுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

கையும் காதும்

ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. சுடும்போது கொதிக்கும் வாயு அதன் வழியே பக்கவாட்டில் பீறிடும். ரைஃபிளைப் பிடிப்பது போல இடக்கை விரலை முன்னால் கொண்டுபோய் வைத்தால் பெருந்தோட்டா ரிவால்வர்களில் விரலே போய்விடும். இரு கையும் பிடியிலேயே இருக்க வேண்டும். காதுக்குள் ஒரு அடைப்பானும் மேலே ஒரு காதுறையும் பயிற்சியில் கட்டாயம். மேக்னம் ஓசை ஒரே குண்டிலேயே செவியை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. மெல்லிய ஓசையைப் பெருக்கி, வெடிச் சத்தத்தை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறை வேட்டையின்போது உதவும்.

உங்கள் தொலைவு எது என்பதைத் தோட்டாப் பெட்டி சொல்லாது. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். ஆறு அங்குல வட்டம் ஒன்றை வெட்டி வைத்து, காட்டில் எப்படி உட்கார்ந்து அல்லது மரத்தில் சாய்ந்து சுடுவீர்களோ அப்படியே சுடுங்கள். சுட்டதெல்லாம் வட்டத்துக்குள் விழும் தொலைவுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது ஐம்பது கெஜமாகத்தான் இருக்கும். நெருங்கிப் போகத் தெரிந்தவருக்கு அது போதும்.

குண்டடிபட்ட மான் ஹலாலா?

வேட்டைப் பிராணியின் அனுமதி குர்ஆனில் 5:4 வசனத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனம் அடிபட்டுச் செத்ததைத் தடுக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மிஃராத் என்ற எறிகோல் பற்றிக் கேட்டபோது, அதன் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணவும், பக்கவாட்டில் அடித்துக் கொன்றதை உண்ணாமல் விடவும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. துப்பாக்கிக் குண்டு துளைக்கிறதா, அடிக்கிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு பிறந்தது. ஈயக் குண்டுக்குக் கூர்முனை இல்லை, அது வேகத்தின் தாக்கத்தாலும் எரிப்பதாலும் கொல்கிறது என்பது ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் அவர்களின் நிலை. குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் உண்ணலாம் என்றார் இமாம் ஷவ்கானி. இக்கால அறிஞர்கள் பலர் ஷவ்கானியின் கருத்தை ஏற்கிறார்கள். ஷாஃபி மத்ஹபின் பழைய நூல்கள் களிமண் உருண்டை வேட்டையைத் தடுத்ததை வைத்துத் தயங்குவோரும் உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்வது ஹனஃபியில் கட்டாயம், வேண்டுமென்றே விட்டால் உண்ணக்கூடாது. ஷாஃபியில் அது சுன்னத்.

இப்னு ஆபிதீனின் நிலையைப் பின்பற்றுவோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. உயிரோடு எட்டிப் பிடித்து அறுத்தால்தான் உண்ணலாம் என்றால், இதயத்தில் குண்டு பாய்ந்த மான் நீங்கள் எழுந்து நடப்பதற்குள் இறந்திருக்கும். அறுப்பதற்காகவே உயிர் போகாத இடத்தில் சுடுவதோ, அறுப்பிலும் நளினம் பேணச் சொன்ன நபிவழிக்கு நேர் எதிரானது. அவர்களுக்குக் கூர்விளிம்பு அம்பு வேட்டையே சரியான வழி. அம்பு வேட்டைக்கென்று தனிப் பருவமும் அங்கு உண்டு. உங்கள் நிலை எது என்பதை துப்பாக்கி வாங்குவதற்கு முன் உங்கள் ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

குண்டு வேட்டை கூடும் என்ற கருத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு கவனம் வேண்டும். சுட்டதும் அரை மணி நேரம் அசையாமல் காத்திருந்து பிறகு இரத்தத் தடம் தேடுங்கள் என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களின் வழக்கமான அறிவுரை. துரத்தினால் மான் மேலும் ஓடும் என்பதால் சொல்வது. நம் மார்க்கச் சட்டத்திலோ, தேடிச் செல்வதை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்து, அறுத்திருக்கக்கூடிய பிராணி அதற்குள் இறந்துபோனால் அது கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்காமல் இருக்கத்தான் ஐம்பது கெஜம், பக்கவாட்டு நிலை, துளைத்து வெளியேறும் குண்டு என்று மேலே இத்தனை சொன்னது. நுரையீரல் இரண்டும் துளைக்கப்பட்ட மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். கூரிய கத்தி இடுப்பில் இருக்கட்டும். உயிரோடு இருந்தால் முதுகுப் பக்கமிருந்து அணுகுங்கள், கொம்பும் குளம்பும் ஆளைக் கிழித்துவிடும். தண்ணீரில் விழுந்து கிடந்தால், எதனால் இறந்தது என்று தெரியாத நிலையில் அதை உண்ணக்கூடாது என்பதும் அதீ (ரலி) அவர்களின் அறிவிப்பில் உண்டு. ஏரிக்கரையில் நிற்கும் மானைச் சுடுமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கறி வெட்டும் கடையில்

மான்களுக்கு வரும் மூளை நலிவு நோய் பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அந்தப் பகுதியில் வேட்டையாடினால், மாநிலத் துறை சொல்லும் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வந்த பிறகு உண்ணுங்கள். நோய் உறுதியான இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை.

மானை உரித்து வெட்டித் தரும் கடைகளில் பல, காட்டுப் பன்றியையும் அதே மேசையில் வெட்டுகின்றன. மான் கறியில் கொழுப்பு குறைவு என்பதால் கொத்துக்கறிக்கும் சாசேஜுக்கும் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து அரைப்பது அங்கே சர்வ சாதாரணம், கேட்காமலேயே சேர்ப்பார்கள். முழுத் துண்டுகளாக மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது காலையும் தோளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹலால் கடையில் வாங்கிய மாட்டுக் கொழுப்பைச் சேர்த்து நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள்.